கீலில் கோளாறு இல்லை: வாய் திறக்காமல் போன எட்டு வருடம்

தைப்பூசக் காவடிக்கு முதல் முறை விரதம் இருந்தபோது எனக்குப் பதினாறு வயது. நாக்கில் வேல் குத்த வந்த பூசாரி, "இன்னும் கொஞ்சம் திற, தம்பி" என்றார். திறந்தேன். "இன்னும்" என்றார். அவ்வளவுதான் வந்தது. கன்னத்தோடு நிறுத்திக்கொண்டு அடுத்தவரிடம் போய்விட்டார். தென்னாப்பிரிக்காவில், இந்த டர்பனில், என் வாயில் ஏதோ சரியில்லை என்று முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான். மருத்துவர்கள் கண்டுபிடிக்க இன்னும் எட்டு வருடம் ஆனது. வீட்டில் யாரும் இதைப் பெரிதாக எடுக்கவில்லை. "சின்ன வாய், அடக்கமான பிள்ளை" என்று ஆயா பெருமையாகச் சொல்வார். வலி இல்லாததால் நானும் அப்படியே நம்பினேன். ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பிய பன்னி சோவை எல்லாரும் கையால் பிய்த்துத்தானே சாப்பிடுகிறார்கள், யாருக்குத் தெரியப் போகிறது?

எனக்கு இருந்தது கொரோனாய்டு மிகைவளர்ச்சி. பெயர் பெரிது, விஷயம் சின்னது. காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால் உருளுகிறதே, அது தாடை மூட்டின் முண்டு. அதற்குச் சற்று முன்னால், கன்ன எலும்பின் வளைவுக்கு உட்புறமாக, கீழ்த்தாடையிலிருந்தே மேல்நோக்கி இன்னொரு எலும்பு முனை நிற்கிறது. காக்கையின் அலகு போல வளைந்திருப்பதால் கிரேக்க மொழியில் காக்கையைக் குறிக்கும் சொல்லிலிருந்து அதற்குக் கொரோனாய்டு என்று பெயர் வைத்தார்கள். நெற்றிப் பொட்டிலிருந்து இறங்கும் தசை இதில்தான் ஒட்டியிருக்கிறது. வாயைத் திறக்கும்போது இந்த முனை முன்னும் கீழுமாக நகர்ந்து கன்ன எலும்புக்கு அடியில் போகவேண்டும். அது அளவுக்கு மீறி நீண்டோ தடித்தோ இருந்தால் கன்ன எலும்பின் பின்பக்கத்தில் முட்டி நின்றுவிடும். கதவுக்குப் பின்னால் பீரோ இருந்தால் கதவு பாதியில் நிற்குமே, அதே கணக்கு. நானும் என்னைப் பார்த்தவர்களும் அத்தனை வருடமும் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தோம்.

இது புதிய நோயும் இல்லை. லாங்கன்பெக் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் 1853லேயே எழுதி வைத்திருக்கிறார். நீண்ட முனைக்கும் கன்ன எலும்புக்கும் நடுவே பொய்யான மூட்டு ஒன்று உருவாகிவிடும் வகையை 1899ல் ஜேக்கப் என்பவர் விவரித்ததால் அதற்கு ஜேக்கப் நோய் என்று பெயர். அது பெரும்பாலும் ஒரு பக்கம்தான் வரும், பல நேரம் அங்கே குருத்தெலும்புக் கட்டி இருக்கும். கட்டியில்லாமல் இரண்டு பக்கமும் வளர்வதுதான் அதிகம். ஆண்களுக்கு அதிகம் வருகிறது. பருவ வயதில் தொடங்கி மெதுவாக, வலியே இல்லாமல் முற்றுகிறது. காரணம் என்று ஒன்றை மட்டும் சுட்ட முடியாது: பொட்டுத் தசையின் அதிக இழுப்பு, பழைய அடி, வளர்ச்சி ஹார்மோன், பரம்பரை என்று பலவற்றைச் சொல்கிறார்கள். குடும்பத்தில் இன்னொருவருக்கும் வாய் சின்னதாக இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். மணிக்கட்டைப் பின்னால் மடக்கும்போது விரல்கள் தாமாகவே உள்நோக்கிச் சுருண்டால், மணிக்கட்டைத் தளர்த்தியதும் நீண்டால், அது மரபணு சார்ந்த ஒரு கூட்டு நோயாக இருக்கலாம். மருத்துவரிடம் கட்டாயம் சொல்லவேண்டிய செய்தி அது. பிறக்கும் பிள்ளைக்கும் வரலாம்.

இனி நான் பணத்தைத் தொலைத்த கதை. 2019ல் கடைவாய்ப் பல் சொத்தையாகி, பிடுங்கப் போனேன். பல் மருத்துவர் கருவியை உள்ளே நுழைக்க முடியாமல் ஸ்கேலால் அளந்தார்: 21 மி.மீ. "தாடை மூட்டுப் பிரச்சினை, ராத்திரியில் பல்லைக் கடிக்கிறீர்கள்" என்று சொல்லி, இரவில் மாட்டும் பிளாஸ்டிக் கவசம் செய்து தந்தார், 4,800 ராண்ட். பிறகு பிசியோதெரபி 12 முறை, ஒவ்வொன்றும் 620. பிறகு மூட்டுக்கு எம்.ஆர்.ஐ., 13,200, மருத்துவக் காப்பின் சேமிப்புக் கணக்கு அந்த ஒரே நாளில் காலியானது. அதில் மூட்டுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க் இலேசாக நகர்ந்திருப்பதாக வந்தது. (வாய் நன்றாகத் திறக்கிறவர்களிலும் பலருக்கு டிஸ்க் அப்படி நகர்ந்திருக்கும் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.) அதை நம்பி மூட்டை ஊசியால் கழுவும் சிகிச்சை, என் பங்கு 16,500. ஆலோசனைக் கட்டணங்கள் ஏறக்குறைய 9,000. கூட்டிப் பார்த்தால் 51,000 ராண்ட், மூன்றரை வருடம். வாய் 21லேயே நின்றது. கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம் இருந்தது. "பயிற்சியை ஒழுங்காகச் செய்கிறீர்களா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார்கள், நான்தான் ஏதோ தப்புச் செய்கிறேன் என்று தலைகுனிந்து வருவேன்.

நான் தப்புச் செய்யவில்லை. எலும்பில் முட்டும் வாயை எந்தப் பயிற்சியாலும் திறக்க முடியாது. அந்த வித்தியாசத்தை நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஓரளவு அறியலாம். டிஸ்க் நகர்ந்து வாய் பூட்டிக்கொண்டால் பெரும்பாலும் அதற்கு முன்பு 'டக் டக்' சத்தம் இருந்திருக்கும், ஒருநாள் திடீரென்று சத்தம் நின்று வாய் அடைக்கும், காதுக்கு முன்னால் வலிக்கும். தசைப் பிடிப்பு என்றால் மருத்துவர் விரலால் அழுத்தித் திறக்கும்போது ரப்பர் போல இன்னும் சில மில்லிமீட்டர் கொடுக்கும், வலியோடு. கொரோனாய்டு முட்டினால் அழுத்தம் கொடுத்தாலும் கல்லில் இடித்த மாதிரி ஒரே இடத்தில் நிற்கும். அதற்குமேல் அரை மில்லிமீட்டரும் வராது, வலியும் அதிகம் இருக்காது. தாடையைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள்: மூட்டே ஒட்டிப்போயிருந்தால் அதுவும் நின்றிருக்கும், கொரோனாய்டில் பக்கவாட்டு அசைவு பெரும்பாலும் ஓரளவுக்கு மிஞ்சியிருக்கும். ஒரு பக்கம் மட்டும் நோய் என்றால், திறக்கும்போது தாடை நோயுள்ள பக்கமாகக் கோணும்.

நம் ஆட்களுக்கு இன்னொன்றையும் சொல்லவேண்டும். இந்திய முகத்தைப் பார்த்ததும் மருத்துவர் "பாக்கு போடுவீர்களா?" என்று கேட்பார். கேட்கட்டும், கோபப்படாதீர்கள். பாக்கால் கன்னத்தின் உட்சவ்வு நார்நாராக இறுகி வாய் சுருங்கும் நோய் டர்பன் இந்தியர்களிடம், முக்கியமாகப் பெண்களிடம், இருப்பதை 1980களிலேயே ஆய்வு செய்திருக்கிறார்கள். அது புற்றுநோயாக மாறக்கூடியது. கன்னத்தின் உட்புறம் வெளுத்து, விரலால் தடவினால் கயிறு போலத் தட்டுப்படும், காரம் பட்டால் எரியும். எனக்கு அந்த அடையாளம் எதுவும் இல்லை. இருந்தாலும் இரண்டு இடத்தில் அதே கேள்வியைச் சுற்றியே பேச்சு முடிந்துவிட்டது. இது வேறு, அவசரம் வேறு: இரண்டு மூன்று நாளுக்குள் வாய் அடைத்து, காய்ச்சலோ வீக்கமோ விழுங்க முடியாத நிலையோ இருந்தால், அல்லது ஆறாத காயத்தோடு உடம்பெல்லாம் விறைத்தால், இந்தக் கட்டுரையை மூடிவிட்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அளப்பதை முதல் நாளிலிருந்தே செய்யுங்கள். மூன்று விரலை நிமிர்த்தி நுழைத்துப் பார்ப்பது ஒரு குத்துமதிப்பு. பெரியவர்களுக்குச் சாதாரணமாக 35 முதல் 50 மி.மீ. வரை திறக்கும். சரியான கணக்குக்கு மேல் முன்பல்லின் ஓரத்திலிருந்து கீழ் முன்பல்லின் ஓரம் வரை அளக்கவேண்டும். பள்ளி ஸ்கேலில் பூஜ்யத்துக்கு முன்னால் கொஞ்சம் வெற்று இடம் இருக்கும், அதை அறுத்துவிட்டுப் பூஜ்யம் நுனியில் வரும்படி செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் 5 மி.மீ. வரை தப்பு வரும். ஒரே பல், ஒரே நேரம், மூன்று முறை அளந்து நடு எண்ணை எழுதுங்கள். தானாகத் திறப்பது ஒன்று, விரலால் தள்ளித் திறப்பது ஒன்று, இரண்டு எண் வேண்டும். அந்த இரண்டும் மாதக்கணக்கில் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தால் உள்ளே தடை எலும்பாக இருக்கலாம்.

எனக்குத் திருப்பம் வந்தது ஒரு காகிதத்தில். மூட்டைக் கழுவியது முழு மயக்கத்தில். அன்றைய அறுவைக் குறிப்பை, வேறு ஒரு முகத்தாடை மருத்துவரிடம் காட்டுவதற்காக, ஒன்றரை வருடம் கழித்துக் கேட்டு வாங்கினேன். அதில் ஒரு வரி: மயக்கத்தில் வாயை அழுத்தித் திறந்தபோது 22 மி.மீ. புதிய மருத்துவர் அந்த வரியில் விரலை வைத்து, "தசை முழுக்கத் தளர்ந்திருக்கும்போதும் 22தான் என்றால் இது தசையும் இல்லை, அநேகமாக டிஸ்க்கும் இல்லை. எலும்பு" என்றார். பதில் என் கோப்பிலேயே ஒன்றரை வருடம் கிடந்திருக்கிறது. அன்று காரில் உட்கார்ந்து அழுதேன், மறைக்க ஒன்றும் இல்லை. அதனால் சொல்கிறேன்: எந்தச் சிகிச்சையானாலும் அறுவைக் குறிப்பு, ஸ்கேன் படங்கள், அறிக்கை மூன்றின் நகலும் உங்கள் கையில் இருக்கட்டும். சுருக்கக் கடிதம் போதாது. "மயக்கத்தில் எத்தனை மில்லிமீட்டர் திறந்தது?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

ஸ்கேன் எடுப்பதைவிட, அதில் எதைப் பார்க்கச் சொல்கிறோம் என்பதுதான் பெரிய விஷயம். பல் மருத்துவமனையில் எடுக்கும் முழுத் தாடைப் படமான ஓ.பி.ஜி.யிலேயே கொரோனாய்டு தெரியும். சாதாரணமாக அது மூட்டு முண்டின் உயரத்துக்குள் நிற்கும். முண்டைத் தாண்டி மேலே போயிருந்தால் சந்தேகப்படலாம். என் 2019 படத்தில் அது பளிச்சென்று தெரிந்தது. யாரும் பல்வரிசைக்கு மேலே கண்ணை உயர்த்தவில்லை, அவ்வளவுதான். ஆனால் ஓ.பி.ஜி. தட்டைப் படம், கன்ன எலும்பு மேலே விழுந்து மறைக்கும். எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று காட்டாது. உறுதி செய்வது சி.டி.தான். படிவத்தில் 'தாடை மூட்டு' என்று மட்டும் எழுதினால் மூட்டைச் சுற்றியே படம் எடுத்து அனுப்பிவிடுவார்கள். பல், தாடைக்கென்று எடுக்கும் கோன் பீம் சி.டி.யில் படப் பரப்பு சின்னதாக இருந்தால் கன்ன எலும்பின் வளைவு வெட்டுப்பட்டுப் போகும்; எனக்கு முதல் படம் அப்படித்தான் வீணானது, 1,950 ராண்ட். படிவத்தில் இருக்கவேண்டியவை: இரண்டு பக்கக் கொரோனாய்டு, இரண்டு பக்கக் கன்ன எலும்பு வளைவு, மெல்லிய வெட்டுகள், முப்பரிமாணப் படம், வாய் மூடி ஒன்று, முடிந்தவரை திறந்து ஒன்று. வாய் திறந்த படத்தில்தான் முட்டும் இடம் கண்ணுக்குத் தெரியும். திறந்து வைத்திருக்கச் சிரமமாக இருக்கும், பல்லுக்கு நடுவே மரக்குச்சி அடுக்கைக் கடித்துக்கொள்ளலாம். எம்.ஆர்.ஐ. டிஸ்க்கைப் பார்க்க நல்லது. இந்த எலும்பைப் பார்க்க அது முதல் தேர்வு இல்லை.

மருத்துவக் காப்புத் திட்டத்தோடு நடந்த இழுபறி தனி அத்தியாயம். தென்னாப்பிரிக்காவில் கோரிக்கை ஒவ்வொன்றும் ஐ.சி.டி.-10 என்ற நோய்க் குறியீட்டோடு போகிறது. கே07.6 என்று போட்டால் அது தாடை மூட்டுக் கோளாறு. என் திட்டம் அதைப் பல் சிகிச்சைப் பட்டியலில் தள்ளி, வருட வரம்பு முடிந்துவிட்டது என்றது. தாடையின் பிற எலும்பு நோய்கள் கே10.8ல் வருகின்றன. சி.டி. அறிக்கையை இணைத்து, அந்தக் குறியீட்டோடு மருத்துவர் முன் அனுமதிக் கடிதத்தைத் திருப்பி அனுப்பியதும் மருத்துவமனைச் செலவை ஏற்றார்கள். குறியீட்டை நாமாக மாற்றக் கூடாது; மருத்துவரிடம் "இது மூட்டு நோயா, எலும்பு நோயா, எந்தக் குறியீடு போடுகிறீர்கள்?" என்று கேட்கலாம். மறுத்தால் திட்டத்துக்கு முதலில் எழுத்தில் முறையிட்டு, பிறகு திட்டங்களைக் கண்காணிக்கும் கவுன்சில் ஃபார் மெடிக்கல் ஸ்கீம்ஸுக்குப் போகலாம். அங்கிருந்து போகும் புகாருக்குத் திட்டம் 30 நாளுக்குள் பதில் தரவேண்டும். அறுவை மருத்துவர் திட்ட விகிதத்தைப் போல மூன்று மடங்கு வாங்கினார், அது இங்கே புதிதில்லை. மிச்சம் 46,300 ராண்ட் என் கையிலிருந்து போனது. திட்டம் தராத மிச்சத்தை ஈடுகட்டும் கேப் கவர் காப்பீடு இருந்தால் அதில் பெரும்பகுதி வந்திருக்கும். நோய் தெரிந்த பிறகு ஓடிப்போய் எடுத்தேன். ஏற்கெனவே உள்ள நோய்க்கு 12 மாதம் வரை காத்திருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவசரமில்லாத அறுவை என்பதால் 12 மாதம் பொறுத்திருக்கலாம். எனக்குப் பொறுமை தீர்ந்துபோயிருந்தது.

காப்பு இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். அரசு மருத்துவமனைகளின் முகத்தாடைப் பிரிவுகளில் இது நடக்கிற அறுவைதான், வருமானத்தைப் பொறுத்துக் கட்டணம். பல் மருத்துவர்களை உருவாக்கும் பல்கலைக்கழகங்கள் பிரிட்டோரியா, விட்ஸ், செஃபாகோ மகாதோ, வெஸ்டர்ன் கேப் ஆகிய நான்குதான். டர்பன் இருக்கும் குவாசுலு நட்டால் மாகாணத்தில் அப்படி ஒன்று இல்லை. அதனால் நம் பக்கத்திலிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு வரிசையில் நிற்கவேண்டும். கடிதத்தில் மில்லிமீட்டர் எண்ணும், எடைக் குறைவும், பல் வைத்தியம் செய்ய முடியாத நிலையும் இருந்தால் வரிசையில் இடம் மாறும்; 'வாய் திறக்க முடியவில்லை' என்று மட்டும் எழுதியிருந்தால் மாறாது.

அறுவை இரண்டு விதம். முனையை அடியோடு வெட்டி எடுத்துவிடுவது ஒன்று. வெட்டிவிட்டு உள்ளேயே விடுவது இன்னொன்று; பொட்டுத் தசை அந்தத் துண்டை மேலே இழுத்துக்கொள்ளும். இரண்டாவது சீக்கிரம் முடியும், இரத்தக் கசிவும் குறைவு என்று சொல்கிறார்கள். ஆனால் துண்டு திரும்பவும் ஒட்டிக்கொள்ள வாய்ப்புண்டு, முனை மிகப் பெரிதாக இருந்தால் உள்ளே விட்ட துண்டே தடையாகலாம். எனக்கு வெட்டி எடுத்தார்கள். வாய்க்குள்ளேயே, கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் தாடையின் முன்னோரத்தில் கீறல். முகத்தில் தழும்பு இல்லை. தசையை எலும்பிலிருந்து உரித்து, மூட்டுக்கும் முனைக்கும் நடுவே உள்ள பள்ளத்திலிருந்து முன்னோரம் வரை வெட்டுகிறார்கள். வெட்டு முடிவதற்கு முன்பே முனையைப் பிடிப்பானாலோ கம்பியாலோ பிடித்துக்கொள்ளவேண்டும், இல்லாவிட்டால் தசை அதை மேலே, கைக்கெட்டாத இடத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். பக்கத்தில் பெரிய இரத்தக் குழாய் ஓடுகிறது. அதனால் "இதற்கு முன் எத்தனை செய்திருக்கிறீர்கள்?" என்று கேட்கத் தயங்காதீர்கள். அரிய நோய் என்பதால் ஐந்து என்று சொன்னாலும் அது மோசமில்லை. ஒன்றுமே இல்லை என்றால், செய்தவர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்வீர்களா என்று கேளுங்கள். அறுவை மேசையில் எத்தனை மில்லிமீட்டர் கிடைத்தால் முடிப்பீர்கள் என்பதும் கேட்கவேண்டியது. எனக்கு 41 கிடைத்தது.

மயக்கம் கொடுப்பதுதான் இதில் உண்மையான ஆபத்து. 21 மி.மீ. வாயில் சாதாரண முறையில் சுவாசக் குழாயை இறக்க முடியாது. மூக்கையும் தொண்டையையும் மரத்துப்போக வைத்து, அரை விழிப்பில், மெல்லிய கேமராக் குழாயை மூக்கு வழியாக விட்டு, அதன்மேல் சுவாசக் குழாயை நகர்த்துகிறார்கள். கேட்கப் பயங்கரம்; எனக்குக் கசப்பும் இருமலும் மட்டும்தான் நினைவிருக்கிறது. மயக்க மருத்துவரை அறுவைக்கு முந்தின நாளே நேரில் பார்த்து வாயைத் திறந்து காட்டவேண்டும். காலையில் அறுவை அறை வாசலில் அவர் முதல்முறை பார்த்தால் அறுவை தள்ளிப்போகும், நல்ல மருத்துவர் என்றால் தள்ளித்தான் போடுவார். இந்த அறுவையைச் செய்துகொள்ளாதவர்களும், குடலுக்கோ காலுக்கோ எந்த அறுவைக்குப் போனாலும், இதை முதலில் சொல்லுங்கள். பர்ஸில் ஒரு அட்டையில் எழுதி வையுங்கள்: வாய் 21 மி.மீ. மட்டுமே திறக்கும், குழாய் இறக்குவது கடினம்.

2023 ஜூனில் அறுவை, இரண்டு இரவு மருத்துவமனை. முதல் 48 மணி நேரம் ஐஸ், பிறகு வெதுவெதுப்பான ஒத்தடம், இரண்டு தலையணை வைத்து உறக்கம். 0.2 சதவீதக் குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு, இரண்டு வாரத்துக்குமேல் வேண்டாம், பல் பழுப்பாகும். சாப்பாட்டுக்கு நம் வீடுகளில் கஷ்டமே இல்லை: ஆடி மாதம் மாரியம்மனுக்கு ஊற்றும் கூழே போதும். கஞ்சி, கடைந்த பருப்பு, மீலி (மக்காச்சோள) மாவுக் களியை மோரில் கரைத்தது, மசித்த சுகர் பீன்ஸ், முட்டையை அடித்துச் சேர்த்த சூப். வெறும் கஞ்சியாகக் குடித்தால் எடை போய்விடும். எனக்கு ஆறு கிலோ போனது, நெய்யும் பால்பவுடரும் சேர்த்த பிறகுதான் நின்றது. அந்த வருடம் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது, அட்டவணையைப் பார்த்துத்தான் மிக்சியே ஓட்டவேண்டியிருந்தது; அம்மா விடிகாலையிலேயே நாள் முழுவதுக்கும் அரைத்துப் பிளாஸ்கில் ஊற்றி வைத்துவிடுவார். ஸ்பூன் தட்டையாக, சின்னதாக இருக்கட்டும். பல் துலக்கக் குழந்தைகளின் பிரஷ்.

அறுவை பாதிதான். மறு பாதி மரக்குச்சி. வெட்டிய இடத்தில் ரத்தம் கட்டி, நாராக இறுகும். அசைக்காமல் விட்டால் அந்த நார் பழைய எலும்பைவிட மோசமாகப் பூட்டும். பலருக்கு வாய் திரும்பச் சுருங்குவது எலும்பு வளர்ந்து இல்லை, இந்த நாரால்தான். மருத்துவர் அனுமதித்ததும், எனக்கு இரண்டாம் நாள், தொடங்கவேண்டும். தாடையை நீட்டும் தெராபைட் கருவிக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம் ராண்ட் ஆனது. அதன் முறை 7-7-7: ஒரு தடவைக்கு 7 நீட்டல், ஒவ்வொன்றும் 7 விநாடி, நாளைக்கு 7 தடவை. வாங்க முடியாதவர்களுக்கு, தொண்டை பார்க்க மருத்துவர் வைத்திருக்கும் தட்டை மரக்குச்சியே போதும், நூறு குச்சிப் பெட்டி மருந்துக்கடையில் கிடைக்கும். பத்தை அடுக்கி அளந்துகொள்ளுங்கள். என்னுடையது பத்துக்கு 17 மி.மீ. வசதியாக நுழையும் அளவுக்குக் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவே வைத்து, அரை நிமிடம் பொறுத்து, புதுக் குச்சியை அடுக்கின் நடுவில் செருகுங்கள், ஓரத்தில் இல்லை. ஓரத்தில் செருகினால் பல்லையும் ஈறையும் கிழிக்கும். முன்பல்லில் மட்டும் தொடர்ந்து செய்தால் பல் ஆடத் தொடங்கும், இடம் வலமாகப் பின்பற்களுக்கும் மாற்றுங்கள். வலி மாத்திரையைப் பயிற்சிக்கு 40 நிமிடம் முன்பு போடவேண்டும். பாரசிட்டமால் என்றால் பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக்கூடாது, சளி மாத்திரையில் கலந்திருப்பதும் அந்தக் கணக்கில்தான்.

மூன்றாம் வாரம் நான் சோம்பல்பட்டேன். தையல் கரையத் தொடங்கியிருந்தது, வேலைக்குத் திரும்பியிருந்தேன், அலுவலகக் கழிப்பறையில் வாயில் குச்சியோடு நிற்கக் கூச்சம். நாளைக்கு இரண்டு தடவைதான் செய்தேன். பத்தே நாளில் 33லிருந்து 26. அந்த ஏழு மில்லிமீட்டரைத் திரும்பப் பிடிக்க ஏழு வாரம் ஆனது, கண்ணில் தண்ணீர் வரவர. காலையில் எழுந்ததும் இறுகியிருப்பது சகஜம், வெந்நீர் ஒத்தடத்துக்குப் பிறகும் முந்தின நாள் எண் வராவிட்டால்தான் கவலை. ஒரு பக்கம் மட்டும் புதிதாக வீங்கினால், சீழ் வாசனை வந்தால், காய்ச்சல் அடித்தால் பயிற்சியை நிறுத்தி அன்றே மருத்துவரைப் பார்க்கவேண்டும். மேசையில் கிடைத்த எண் அப்படியே தங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்: 41ல் எனக்கு ஆறு மாதத்தில் நின்றது 36, ஒரு வருடத்தில் 37. அந்த ஒரு வருடம் முழுக்க நாள் தவறாமல் செய்தேன். இப்போது வாரம் இரண்டு நாள்.

நாலு வருடத்துக்கு மேலாக ஆண்டிபயாடிக்கில் ஓட்டிய அந்தச் சொத்தைக் கடைவாய்ப் பல்லை 2024 பிப்ரவரியில் பிடுங்கினேன். பதினைந்து நிமிட வேலை. குளியலறைக் கண்ணாடிக்குக் கீழே 21 குச்சிகளை ரப்பர் வளையம் போட்டு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அது சிரமமில்லாமல் நுழைகிறதா என்று பார்ப்பேன். இரண்டு வாரம் தொடர்ந்து நுழையாவிட்டால் மறுபடியும் வாய் திறந்து சி.டி. எடுக்கவேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.